கத்னாவுக்கு முன் ஒரு பரிசோதனை: பிள்ளைகளின் அரிய சிறுநீர்ப் பாதைக் குறைபாடுகள்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. கத்னா முகாம்களுக்குப் பெயர் பதியும் காலம் இது. நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கும் பெற்றோர் வரத் தொடங்கிவிட்டார்கள். பதிவுத் தாளில் இந்த ஆண்டு இரண்டு கேள்விகள் கூடுதலாக உள்ளன. பிள்ளைக்குச் சிறுநீர்த் துவாரம் எங்கே இருக்கிறது? சிறுநீர் எப்படிப் போகிறது? இதைப் படித்ததும் சிலர் கூச்சப்படுகிறார்கள். சிலர், "சுன்னத்துக்கு வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஆண் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வரும் சிறுநீர்ப் பாதைக் குறைபாடுகள் சில உள்ளன. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அரிதுதான். ஆனால் அவற்றில் ஒன்று இருப்பது தெரியாமல் கத்னா செய்துவிட்டால், பிற்பாடு தேவைப்படும் அறுவைச் சிகிச்சை கடினமாகிவிடும். வேறொன்றில் கத்னா செய்வதே பிள்ளைக்கு நன்மை. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் உம்மாவும் வாப்பாவும்தான்.

'பிறவிச் சுன்னத்' என்று சொல்லப்படும் பிள்ளை

சில பிள்ளைகள் பிறக்கும்போதே முன்தோல் பாதி இல்லாமல், மொட்டு வெளியே தெரியும்படி இருப்பார்கள். பெரியவர்கள் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், சுன்னத்தோடு பிறந்திருக்கிறான்" என்று மகிழ்வது உண்டு. நம் ஊரில் மட்டுமல்ல, துருக்கியிலும் மக்கள் இதை 'நபி சுன்னத்' என்றே சொல்கிறார்கள். ஆனால் இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது ஹைப்போஸ்பேடியாஸ் என்ற குறைபாடு.

இதில் மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் குறியின் அடிப்பக்கத்தில் இருக்கும். நுனிக்குச் சற்றுக் கீழேயும் இருக்கலாம், நடுத்தண்டிலும் இருக்கலாம், கடுமையான வகையில் விதைப்பைக்கு அருகிலும் இருக்கலாம். இரண்டாவது, முன்தோல் மேல்பக்கம் மட்டும் முக்காடு போலத் திரண்டிருக்கும், அடிப்பக்கத்தில் இருக்காது. மூன்றாவது, குறி விறைக்கும்போது கீழ்நோக்கி வளையும். மூன்றும் எல்லாருக்கும் சேர்ந்தே இருக்கும் என்றில்லை.

ஏறத்தாழ 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. லேசான வகையே அதிகம், கடுமையான வகைதான் அரிது. கருவில் ஆணுறுப்பு உருவாகும் வாரங்களில் சிறுநீர்க் குழாய் முழுவதுமாக மூடாமல் நின்றுவிடுவதே காரணம். கிரகணத்தில் வெளியே போனதாலோ, உம்மா எதையோ சாப்பிட்டதாலோ, கண்ணேறாலோ வருவதல்ல. ஆகவே மருமகளைக் குறை சொல்லும் பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

இது வீட்டில் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. உட்கார்ந்து சிறுநீர் கழிக்கச் சிறு வயதிலிருந்தே பழக்குவது நம் வழக்கம். அது நல்ல சுன்னத். ஆனால் நின்று போகிற பிள்ளைக்குத் தாரை காலில் விழுந்தால் உடனே தெரியும், உட்கார்ந்து போகிற பிள்ளைக்குத் தெரியாது. குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் ஒரு முறை கவனித்துப் பார்த்தால் போதும். தாரை எங்கிருந்து வருகிறது, நேராக வருகிறதா, கீழே சாய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஏன் கத்னாவைத் தள்ளிப் போட வேண்டும்?

நாம் வேண்டாம் என்று நீக்கும் அந்த முன்தோல்தான் இந்தப் பிள்ளைக்கு வேண்டிய தோல். புதிய சிறுநீர்க் குழாயை அமைக்கவும், அமைத்த குழாயின் மேல் ஓர் அடுக்குப் போர்த்தவும், அடிப்பக்கத்தில் தோல் போதாத இடத்தை மூடவும் அறுவை மருத்துவர் அதைத்தான் பயன்படுத்துகிறார். மெல்லியது, ரோமம் இல்லாதது, இரத்த ஓட்டம் நல்லது, பக்கத்திலேயே இருப்பது. இத்தனை குணமும் உள்ள தோல் உடம்பில் வேறு இடத்தில் சுலபமாகக் கிடைக்காது.

ஆகவே ஹைப்போஸ்பேடியாஸ் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே கத்னாவை நிறுத்தி வைக்க வேண்டும். முன்தோல் முழுமையாக இருந்து, உள்ளே மட்டும் துவாரம் இடம் மாறியிருக்கும் ஒரு வகையும் உண்டு. அது வெளியிலிருந்து தெரியாது. தோலைப் பின்தள்ளும்போதுதான் தெரியும். அப்படித் தெரிந்தால் மேற்கொண்டு வெட்டாமல் நிறுத்திவிட்டுக் குழந்தை அறுவை மருத்துவரிடம் அனுப்புவதே முறை. கத்னா செய்பவர் யாராக இருந்தாலும் இதை அவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு ஏற்ற வயது பொதுவாக 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள். அந்த வயதில் புண் விரைவாக ஆறும், பிள்ளைக்கு அந்த நினைவும் இருக்காது. வளைவை நிமிர்த்துவது, குழாயை நுனி வரை நீட்டுவது, தோலால் மூடுவது ஆகிய மூன்றும் நடக்கும். லேசான, நடுத்தர வகைகளில் பெரும்பாலும் ஒரே அறுவையில் முடியும். கடுமையான வகைக்குச் சில மாத இடைவெளியில் இரண்டு கட்டமாகச் செய்வார்கள். அறுவைக்குப் பின் ஒரு வாரம் போலச் சிறிய டியூப் வைத்திருப்பார்கள். சிறுநீர் அதன் வழியாகப் போகும். அதைப் பிள்ளை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டாரின் பெரிய வேலை.

பின்னாளில் இரண்டு சிக்கல்களைக் கவனிக்க வேண்டும். தையல் போட்ட இடத்தில் சிறு ஓட்டை விழுந்து, சிறுநீர் இரண்டு இடத்திலிருந்து வரலாம். அல்லது துவாரம் சுருங்கித் தாரை மெலிந்து, பிள்ளை முக்கிப் போகலாம். இரண்டையும் சரி செய்ய முடியும். ஆனால், "ஆபரேஷன் தோற்றுவிட்டது" என்று மனம் விட்டு, மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

பெரும்பாலும் இந்த அறுவையிலேயே முன்தோலும் பயன்பட்டுவிடுவதால், முடிவில் பிள்ளை கத்னா செய்தது போலவே இருப்பான். தனியாகச் செய்ய வேண்டியிருக்காது. எனவே கத்னா கைவிட்டுப் போகிறதே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை, நாள்தான் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

ஏற்கெனவே கத்னா ஆகிவிட்ட பிள்ளைக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. கன்னத்தின் உட்புறச் சவ்விலிருந்து சிறு பகுதியை எடுத்துக் குழாய் அமைக்கும் முறை உண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்கும், திருமண வயதில் உள்ளவர்களுக்கும்கூட அறுவை செய்கிறார்கள். வெளியே சொல்ல முடியாமல், திருமணப் பேச்சைத் தட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும் இளைஞர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

விதையும் இறங்கவில்லை என்றால் தாமதிக்காதீர்கள்

விதைப்பையில் இரண்டு விதைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். ஒரு விதை மட்டும் இறங்காமல் இருப்பது அவ்வளவு அரிதல்ல. 6 மாதம் வரை தானாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகும் இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கி வைப்பார்கள். ஹைப்போஸ்பேடியாஸோடு விதை இறங்காமலும் இருந்தால், ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனைகள் தேவைப்படும்.

இரண்டு விதைகளும் கைக்குத் தட்டுப்படாத பச்சிளங் குழந்தையின் நிலை அவசரமானது. ஆண் போலத் தோன்றும் அந்தக் குழந்தை உண்மையில் கருப்பையோடு பிறந்த பெண் குழந்தையாக இருக்கலாம். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைவதால் இப்படி நேரும். இந்த நோயின் ஒரு வகையில், பிறந்த இரண்டாவது மூன்றாவது வாரத்தில் உடம்பின் உப்புச் சத்து இறங்கி, வாந்தி, சோர்வு, எடைக் குறைவு ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தாகும். இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்தால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும்.

இத்தகைய குழந்தைக்குப் பெயர் சூட்டுவதையும் பிறப்புச் சான்றிதழ் பதிவையும் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள். உறவினர்கள் கேட்டால், "டாக்டர் இன்னும் சில டெஸ்ட் சொல்லியிருக்கிறார்" என்று சொன்னால் போதும். அந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பது நம் எல்லாருக்கும் கடமை.

சொட்டுச் சொட்டாகப் போகும் சிறுநீர்

அடுத்தது வெளியே எதுவும் தெரியாத குறைபாடு. ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது. மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.யு.வி. என்பார்கள். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயின் தொடக்கத்தில் மெல்லிய சவ்வு ஒன்று வால்வு போல வளர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். சுமார் 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது.

வாய்க்காலின் மடை அடைபட்டால் தண்ணீர் பின்னோக்கி ஏறும் அல்லவா? இங்கேயும் அதுதான் நடக்கிறது. சிறுநீர்ப்பை முக்கி முக்கித் தடித்துப் போகிறது. சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி இரண்டு சிறுநீரகங்களையும் வீங்கச் செய்கிறது. இது கருவிலேயே தொடங்கிவிடுவதால், பிறக்கும்போதே சிறுநீரகம் ஓரளவு பழுதாகியிருக்கலாம்.

கர்ப்ப கால ஸ்கேனில் இதன் அடையாளங்கள் பெரும்பாலும் தெரியும். இரண்டு சிறுநீரகங்களிலும் வீக்கம், பெரிதாகித் தடித்த சிறுநீர்ப்பை, பனிக்குட நீர்க் குறைவு என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். உம்மா வீட்டில் இருந்து பிரசவம் பார்ப்பதுதான் வழக்கம் என்றாலும், இந்த ஒரு பிரசவத்துக்கு மருத்துவமனை எந்த ஊரில் இருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள்.

ஸ்கேனில் தெரியாமல் போனால், பிறந்த பின் கவனிக்க வேண்டியவை: சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வருவது, முக்கி அழுதுகொண்டே போவது, அடிவயிற்றில் உருண்டையாக எப்போதும் ஏதோ தட்டுப்படுவது, சளி இருமல் இல்லாமல் அடிக்கடி காய்ச்சல், பால் குடிக்காமை, எடை ஏறாமை. லேசான அடைப்பு உள்ளவர்களுக்குப் பள்ளி வயதில்தான் தெரியவரும். பகலிலும் ஆடை நனைவது, மெலிந்த தாரை, போய் வந்த உடனே மறுபடி போக வேண்டும் என்பது அப்போது வரும் அடையாளங்கள். இப்படிப்பட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதும் அடிப்பதும் கூடவே கூடாது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய பாட்டில் காய்ச்சலை மட்டும் தணித்து, நோயை மறைத்துவிடும்.

கண்டுபிடிப்பது இப்படித்தான். முதலில் வயிற்று ஸ்கேன். அடுத்து எம்.சி.யு. என்ற எக்ஸ்ரே பரிசோதனை. மெல்லிய டியூப் வழியாகச் சிறுநீர்ப்பையில் ஒரு மருந்துத் திரவத்தை நிரப்பி, பிள்ளை சிறுநீர் கழிக்கும்போதே படம் எடுப்பார்கள். அடைப்பு எங்கே, சிறுநீர் மேல்நோக்கி ஏறுகிறதா என்பது அதில் தெரியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சொல்லும். பிறந்த முதல் ஓரிரு நாட்களில் எடுக்கும் அளவு தாயின் அளவையே காட்டும் என்பதால் பிறகு திரும்பவும் எடுப்பார்கள். "எத்தனை தடவைதான் ஊசி குத்துவார்கள்" என்று கோபப்பட வேண்டாம்.

சிகிச்சையில் முதல் வேலை டியூப் வைத்துச் சிறுநீரை வடிய விடுவது. உப்புச் சத்துகள் சீரானதும், சிறுநீர்த் துவாரம் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி அந்தச் சவ்வை வெட்டிவிடுவார்கள். வெளியே தழும்பு இருக்காது. குறைமாதக் குழந்தைக்குக் கருவி நுழையாவிட்டால், அடிவயிற்றில் தற்காலிகமாக ஒரு வழி அமைத்து, பிள்ளை வளர்ந்த பின் மூடுவார்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். சிறுநீர் நன்றாகப் போகத் தொடங்கியதும், "குணமாகிவிட்டது" என்று நின்றுவிடுகிறார்கள். வால்வு போய்விட்டாலும், தடித்துப்போன சிறுநீர்ப்பையும் முன்பே பழுதான சிறுநீரகமும் அப்படியேதான் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளில் கணிசமானோருக்கு வளரும் பருவத்திலோ பின்னாளிலோ சிறுநீரகம் செயலிழக்கிறது. ஆகவே இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பிள்ளைகள் ஒரு நாளில் சில முறை சுத்தமான டியூபைத் தாங்களே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கேட்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் பழகிய பிள்ளைகள் பல் துலக்குவது போலச் செய்துகொள்கிறார்கள். அந்தப் பழக்கம் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது.

ஹைப்போஸ்பேடியாஸுக்குச் சொன்னதற்கு நேர்மாறானது இங்கே. முன்தோலுக்கு அடியில் தங்கும் கிருமிகள் மேலேறித் தொற்று உண்டாக்குவதைக் கத்னா வெகுவாகக் குறைக்கிறது. அதனால் பி.யு.வி. உள்ள பிள்ளைக்குச் சீக்கிரமே கத்னா செய்துவிடச் சொல்லும் மருத்துவர்கள் பலர். சில நேரம் வால்வை வெட்டும் அதே மயக்கத்தில் இதையும் முடித்துவிடுகிறார்கள். 'சிறுநீரில் கோளாறு, ஆகவே கத்னா வேண்டாம்' என்று நாமாக முடிவு செய்யக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

சிறுநீர்ப்பை வெளியே தெரிந்தால்

30,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒன்று இப்படி. அடிவயிற்றுச் சுவர் மூடாமல், சிறுநீர்ப்பை சிவந்த சதையாக வெளியே தெரியும். பெண் குழந்தைகளுக்கும் வரும். பார்த்ததும் வீடே கலங்கிப்போகும். ஆனால் பல கட்டமாக அறுவை செய்து மூடி, பள்ளிக்குப் போகும் பிள்ளையாக வளர்க்க முடிகிற குறைபாடு இது. பஞ்சையோ காய்ந்த துணியையோ அதன் மேல் வைக்கக் கூடாது. சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடி, பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கும் முன்தோல் பிற்பாடு தேவைப்படும், கத்னா செய்துவிடக் கூடாது.

சின்னப் பிள்ளைக்குக் கல் ஏன் வந்தது?

வளைகுடாவில் வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்குச் சிறுநீரகக் கல் வருவது நமக்குப் பழகிய செய்தி. 8 வயதுப் பிள்ளைக்குக் கல் வந்தால் அதை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைக்குக் கல் வந்தாலும், ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வந்தாலும், உடன்பிறந்த இருவருக்கு வந்தாலும், உடம்பில் ஏதோ ஒரு பொருள் அளவுக்கு மீறிச் சேர்கிறதா என்று தேட வேண்டும்.

ஒன்று சிஸ்டினூரியா. சிஸ்டின் என்ற புரதக் கூறைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சாமல் விட்டுவிட, அது கல்லாகத் திரள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அறுகோண வடிவப் படிகங்கள் தெரியும். அதுவே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு முதல் மருந்து தண்ணீர். பெரியவர்கள் என்றால் நாளுக்கு 3 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும், இரவிலும் எழுந்து குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும், கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உட்பட. சிறுநீரின் புளிப்புத் தன்மையைக் குறைக்கப் பொட்டாசியம் சிட்ரேட் தருவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேறு மாத்திரைகள் உண்டு.

மற்றொன்று இன்னும் கடுமையானது, பிரைமரி ஹைப்பராக்ஸலூரியா. கல்லீரலில் ஒரு நொதி குறைவதால் ஆக்ஸலேட் என்ற பொருள் மிகுதியாக உண்டாகி, சிறுநீரகத்தில் படிந்து அதை அழிக்கிறது. இதன் முதல் வகையில் சிலருக்கு பி6 வைட்டமின் நல்ல பலன் தருகிறது. 2020-இல் லூமாசிரான் என்ற ஊசி மருந்து வெளிநாடுகளில் அனுமதி பெற்றது, ஆனால் அதன் விலை மிகமிக அதிகம். சிலருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த பின்தான் இந்த நோயே தெரியவருகிறது. உறவினர் ஒருவர் சிறுநீரகம் தானம் கொடுக்க முன்வந்தால், அதற்கு முன்பே இந்த நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கல்லீரலில் உள்ள கோளாறு அப்படியே இருந்தால், புதிதாக வைத்த சிறுநீரகத்திலும் ஆக்ஸலேட் படிந்துவிடும். ஒருவர் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது வீணாகக் கூடாதல்லவா?

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. கல் வெளியேறினால் தூக்கிப் போடாதீர்கள். மெல்லிய துணியிலோ தேநீர் வடிகட்டியிலோ பிடித்து, கழுவி உலர்த்தி, மருத்துவரிடம் கொடுங்கள். கல் எதனால் ஆனது என்று பரிசோதிக்கும்போது பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடை 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையிலும், தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனையிலும் கிடைக்கும்.

சொந்தத்தில் திருமணம் பற்றி

அட்ரீனல் நொதிக் குறைவும், ஹைப்பராக்ஸலூரியாவும், சிஸ்டினூரியாவின் பெரும்பாலான வகைகளும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது உண்டாகின்றன. பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே குடும்பத்துக்குள் மணம் முடிக்கும்போது இருவரும் அதே மரபணுவைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மாமன் மகள், அத்தை மகன் உறவு தமிழகத்தில் எல்லாச் சமூகங்களிலும் உள்ள வழக்கம். மார்க்கம் அதை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும் என்றால், முதல்நிலைச் சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளில் அது 4 முதல் 6 பேருக்கு. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் இதே கணக்குதான். ஆகவே ஏற்கெனவே மணந்தவர்கள் அஞ்ச வேண்டாம். ஆனால் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பும், மறுபடி அதே குடும்பத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும் முன்பும் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

மார்க்கம் தொடர்பாகக் கேட்கப்படும் சந்தேகங்கள்

"கத்னா தள்ளிப் போனால் குற்றமாகாதா?" இத்தனை மாதத்துக்குள் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோயின் காரணமாகத் தள்ளிப் போடுவதற்கு இடமுண்டு என்பதே உலமாக்கள் சொல்வது. நோய்க்குச் சிகிச்சை தேடுவதும் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழிதான்.

"சிறுநீர் கசிந்துகொண்டே இருப்பவர் எப்படித் தொழுவது?" இத்தகையவர்கள் உத்ரு உடையவர்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்த பின் சுத்தம் செய்து, உளூச் செய்து தொழுது கொள்ளலாம். டியூப், பை வைத்திருப்பவர்களுக்கும் சலுகை உண்டு. மத்ஹபுக்கு ஏற்ப விவரங்கள் மாறும் என்பதால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கூச்சத்தால் தொழுகையையோ ஜமாஅத்தையோ விட்டு விலகி நிற்க வேண்டாம்.

"ரமலானில் நோன்பு?" தண்ணீரே மருந்தாக இருக்கும் கல் நோயாளிகளும், சிறுநீரகம் பழுதான பிள்ளைகளும் மருத்துவரிடம் கேட்காமல் நோன்பு வைக்கக் கூடாது. நோயாளிக்கு அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கிறான், அதை எடுத்துக்கொள்வது பலவீனமல்ல.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

பிள்ளைகளுக்கு 'பீடியாட்ரிக் சர்ஜரி' எனப்படும் குழந்தை அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போங்கள். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் இந்தப் பிரிவு உண்டு. ஹைப்போஸ்பேடியாஸ் அறுவையில் முதல் முயற்சியே சிறந்த வாய்ப்பு. ஆகவே பக்கத்தில் இருக்கிறது, சீக்கிரம் முடியும் என்பதைவிட, இதை அடிக்கடி செய்து பழகிய மருத்துவரா என்று பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். நோய் வந்த பின் ஓடாமல் இப்போதே அட்டை எடுத்து வையுங்கள். விண்ணப்பம் எழுத நம் அலுவலகத்தில் உதவுகிறோம். பயணச் செலவுக்கும், திட்டத்தில் வராத பரிசோதனைகளுக்கும் தகுதியுள்ள குடும்பங்கள் பைத்துல்மாலில் விண்ணப்பிக்கலாம். என்ன நோய் என்பதை உதவிக் குழுவைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம்.

கத்னாவுக்குப் பெயர் கொடுக்கும் முன்

1. சிறுநீர்த் துவாரம் நுனியில் இருக்கிறதா? முன்தோல் சுற்றிலும் முழுமையாக இருக்கிறதா?

2. குறி விறைக்கும்போது நேராக இருக்கிறதா, வளைகிறதா?

3. இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா?

4. தாரை பலமாக வருகிறதா? முக்குகிறானா? சொட்டுகிறதா?

5. காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வந்ததா? கர்ப்ப கால ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் என்று எழுதியிருந்ததா?

6. பிள்ளைக்கோ, தாய் வழி மாமன்மாருக்கோ சிறு காயத்தில்கூட இரத்தம் நிற்காத தொல்லை உண்டா? இருந்தால் இரத்த உறைவுப் பரிசோதனை செய்யாமல் கத்னா கூடாது.

இவற்றில் ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் பதிவுத் தாளில் குறிப்பிடுங்கள். முகாமுக்கு முன் மருத்துவர் தனி அறையில் பார்ப்பார். தள்ளி வைக்கச் சொன்னால், விருந்துக்கு அழைப்பு கொடுத்தாயிற்றே என்று வேறு இடம் தேடிப் போகாதீர்கள். பிரியாணியை இன்னொரு நாள் சமைக்கலாம், வெட்டிய தோலைத் திரும்ப ஒட்ட முடியாது.

நம் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்கள் உடலில் எதையும் குறை என்று மறைக்காமல், காலத்தில் காட்டிச் சிகிச்சை பெறும் தெளிவையும், நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் முழு ஷிஃபாவையும் வல்ல நாயன் தருவானாக. ஆமீன்.